பாறை படித்த கண்

கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். விடுமுறை நாள்களில் நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைகிறேன். இரண்டுக்கும் எப்படி நேரம் கிடைக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எனக்கு அவை இரண்டு தனி வேலைகள் அல்ல; என் ஓவியத்துக்கு வழிகாட்டியதே என் பாடம்தான்.

நிலவியல் படிக்கும் எவரிடமும் களக் குறிப்பேடு இருக்கும். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, விரிசல் எங்கே ஓடுகிறது என்று பென்சிலால் வரைந்து, திசையும் அளவும் குறிப்போம். புகைப்படம் எல்லாவற்றையும் காட்டிவிடும். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லாது. கைப்பேசி வந்த பிறகும் மாணவர்களை வரையச் சொல்வது அதற்காகத்தான்.

நான் அதிகம் வரைவது செஞ்சிக் கோட்டைக் குன்றுகளை. அங்குள்ள கிரானைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. விரிசல் வழியே இறங்கும் நீர் பாறையின் மூலைகளை முதலில் அரிக்கும். மூலை தேய்ந்து எஞ்சியவையே அங்குள்ள ராஜகிரிக் குன்றின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைக் கற்கள். இது தெரிந்தபின் அவற்றை வெறும் வட்டங்களாகப் போடக் கை வராது. எந்த விரிசலில் எது பிரிந்தது என்று கண் தேடும். குவியலுக்குள் ஓர் ஒழுங்கு தெரியும்.

ஆய்வுக்கட்டுரையில் எந்தச் சான்றையும் விடக்கூடாது. நீர்வண்ணத்திலோ, விடுவதுதான் பாதி வேலை. அதில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள். வெயில் படும் பாறை முகத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்தால் நல்ல சாம்பல் வரும். நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து கல்லின் சொரசொரப்பைத் தாமே காட்டும். தொலைவுக் குன்றுக்கு அதே கலவையில் நீலத்தையும் நீரையும் கூட்டுவேன். இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால்தான் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது.

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை விடாமல் வரைந்தார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதிவைத்தார். அவர் செய்தது களப்பணியேதான். நானும் படத்தின் பின்னால் அப்படிக் குறிக்கிறேன்.

விடைத்தாள் திருத்தும் பருவத்திலும் வரைய முடிகிற மாதிரி வேலையைச் சிறிதாக வைத்துக்கொண்டேன். உள்ளங்கையளவுத் தாள், நான்கைந்து வண்ணம், ஒரே குன்று. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் ஈரத்தில் அதிகம் நெளியாது. காலை வெயில் ஏறி நிழல் இடம் மாறுவதற்குள் முடித்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற பிறகு வரையலாம் என்று தள்ளிப்போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். தாவரவியல் நடத்துபவருக்கு மரத்தின் கிளை பிரியும் விதம் தெரியும். வரலாறு நடத்துபவருக்குக் கோட்டைச் சுவரின் கட்டுமானம் தெரியும். பல ஆண்டுப் படிப்பு உங்கள் பார்வையை ஏற்கெனவே பழக்கி வைத்திருக்கிறது. கையைப் பழக்க இந்த வாரமே உட்காருங்கள்.