துடைப்பம் கட்டிய வாசல்

தென்மேற்கு ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கினால், உள்ளே ஒயின் ஊற்றுகிறார்கள் என்று பொருள். அதை இறக்கிவிட்டால் கடை மூடியாயிற்று. இந்தக் கடைக்கு பேசன்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர்.

நடத்துபவர் திராட்சை விவசாயி. களஞ்சியத்தையோ முன்னறையையோ ஒழித்து பெஞ்சு போட்டிருப்பார். உணவகங்களுக்கு வேண்டிய உரிமம் இதற்குத் தேவையில்லை. ஆனால் ஆண்டில் 4 மாதம்தான் திறக்கலாம். 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது. சொந்த ஒயினைத்தான் விற்க வேண்டும். பியர் கேட்டால் கிடைக்காது. சமையலும் எளியதாகவே இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுதான் இங்கே உணவின் ருசியைக் காப்பாற்றி வருகிறது என்பேன். புளித்த முட்டைக்கோஸ், ரத்தத் தொத்திறைச்சி, ஈரல் தொத்திறைச்சி, பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டி என்று அந்த வீட்டார் தாங்கள் உண்பதையே பரிமாறுகிறார்கள்.

போக உகந்த காலம் செப்டம்பர், அக்டோபர். அப்போது ஃபெடர்வைஸர் கிடைக்கும். பிழிந்த திராட்சைச் சாறு ஒயினாக மாறிக்கொண்டிருக்கும்போதே குடிப்பது இது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மிதக்கும் ஈஸ்டால் பானம் கலங்கி, வெளிறித் தெரியும். சுமார் 4 சதவீத ஆல்கஹாலில் விற்பனைக்கு வரும். நாளாக ஆக இனிப்பு குறைந்து, காரம் ஏறி, 10 சதவீதத்தையும் தாண்டும். திங்களன்று குடித்ததும் வியாழனன்று குடிப்பதும் ஒரே பானமல்ல. எனக்கு இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் நடுக்கட்டம்தான் பிடிக்கும்.

புட்டியை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடித்துவிடும். அதனால் காற்று போகும்படி தளர்வாகவே மூடுகிறார்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், சாய்த்தால் ஒழுகும். குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்டின் வேகம் குறையுமே தவிர நிற்காது. தொலைதூரக் கடைகளுக்கு அனுப்புவது தொல்லை என்பதால், தோட்டத்துக்கே போய்க் குடிப்பதுதான் சரி.

இதற்கு இணை ஸ்வீபல்கூக்கன் என்ற வெங்காயப் பை. ஈஸ்ட் மாவைப் பரப்பி, நிதானமாக வதக்கிய வெங்காயம், உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகள், புளிப்பு க்ரீம், முட்டை ஆகியவற்றை மேலே ஊற்றி, காரவே விதை தூவிச் சுடுகிறார்கள். பானத்தின் இனிப்பையும் புளிப்பையும் இதன் உப்பும் கொழுப்பும் தாங்கிப் பிடிக்கின்றன. வயிற்றில் உணவு இருப்பதால் ஆல்கஹாலும் மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கும். சாறு போல இறங்கிவிடும் பானத்துக்கு இது அவசியமான துணை.

நவம்பரில் போகிறவர்களுக்கு ஃபெடர்வைஸர் அநேகமாகக் கிடைக்காது. அப்போது ட்ரோலிங்கர் கேளுங்கள்: வெளிர்சிவப்பு ஒயின், கைப்பிடி வைத்த கால் லிட்டர் கண்ணாடிக் குவளையில் வரும்.