முதல் ஸ்பேனர் வாங்கும்போது

மும்பை நாக்தேவி தெருவில் கருவிக் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஐ.டி.ஐ. முடித்து ஒர்க்‌ஷாப்பில் காலடி வைக்கப்போகும் பையனோ பெண்ணோ அங்கே போனால் முதலில் கண்ணைப் பறிப்பது பிளாஸ்டிக் பெட்டிக்குள் பளபளக்கும் ‘செட்’. நாற்பது, ஐம்பது உருப்படிகள். விலையும் சல்லிசு. சிக்கலே அங்கேதான்.

அவற்றில் பாதியைத் தொடவே வேண்டியிருக்காது. தினமும் கைபடுபவை ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்குரூ டிரைவர், டெஸ்டர், சுத்தியல், நான்கு ஸ்பேனர். 10-11, 12-13, 14-15, 16-17 என்ற இரட்டை வாய் ஸ்பேனர்கள் இருந்தால் இருசக்கர வாகனத்தின் பெரும்பாலான போல்ட்டுகளைக் கழற்றிவிடலாம். தனித்தனியாக வாங்குவதே மேல்.

மட்டமான ஸ்பேனரின் வாய் சற்றே தளர்ந்தாலும் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். செலவு வண்டிக்காரருக்கு, கெட்ட பெயர் புதிதாகச் சேர்ந்தவருக்கு. நழுவினால் விரல் மூட்டும் பெயரும். குரோம் வனேடியம் எஃகைக் காய்ச்சி அடித்து, பதமேற்றிச் செய்தது உழைக்கும். பஞ்சாபின் ஜலந்தர், ராஜஸ்தானின் நாகௌர் போன்ற ஊர்களில் இது வேரூன்றிய தொழில். ஆனால் அந்த எஃகின் பெயரை எந்த இரும்பிலும் பொறித்துவிடலாம் என்பதால் முத்திரையை மட்டும் நம்ப முடியாது.

பிளேயரைக் கடையிலேயே சோதிக்கலாம். மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெட்டும் அலகுகளுக்கு நடுவே கீற்று தெரியக் கூடாது. மூட்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மெல்லிய காகிதத்தைக் கிழிக்காமல் நறுக்க வேண்டும்.

கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தாலே ஷாக் அடிக்காது என்று நம்புபவர்கள் ஏராளம். அது பல நேரம் வெறும் பிடிமானத்துக்குத்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்வேலைக்கு இரட்டை முக்கோணக் குறியோடு 1000 வோல்ட் என்று பொறித்த கருவியே வேண்டும். அப்போதும் மெயினை அணைத்துவிட்டே வேலை செய்ய வேண்டும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக வயரைத் தொட்டுவிடக் கூடாது. மின்சாரம் இருக்கிற பிளக்கில் முதலில் வைத்து, டெஸ்டரே வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

கையில் காசு குறைவா? பிளேயரிலும் ஸ்குரூ டிரைவரிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். சுத்தியலைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். தலை ஆடாமல் ஆப்பு இறுகியிருந்தால் சரி. பழைய ஸ்பேனரும் தேறும். போகும்போது புது போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், மாட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.