வட்டக்குடையும் இறக்கைக்குடையும்

புளியங்குடியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையோரங்களில் எருக்கஞ்செடிகள் செழித்து வளர்கின்றன. அவற்றின் காய் முற்றி வெடிக்கும்போது வெளிப்படும் ஒவ்வொரு விதையும் தன் தலையில் வெண்பட்டுக் குஞ்சம் ஒன்றைத் தாங்கியிருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று வீசும் நாள்களில் அவ்விதைகள் வயல்களையும் எலுமிச்சைத் தோட்டங்களையும் கடந்து மிதந்து செல்கின்றன. குஞ்சம் விதையின் வீழ்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. விதை விழும் இடத்தைக் காற்றே முடிவு செய்கிறது. மனிதன் முதலில் உருவாக்கிய வான்குடையின் இயல்பும் இதுவே.

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் பாரிசு நகரில் ஆந்திரே கார்னெரின் என்பவர் பலூனில் உயரச் சென்று, துணியாலான வட்டக்குடையின் துணைகொண்டு இறங்கினார். உயிருடன் தரையை அடைந்தாராயினும், வழிநெடுகக் குடை ஊசலைப் போல் பயங்கரமாக ஆடியது. குடைக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி, ஒருமுறை ஒரு விளிம்பிலும் மறுமுறை எதிர் விளிம்பிலும் வழிந்தமையே அதற்குக் காரணம். பிற்காலத்தில் குடையின் உச்சியில் ஒரு துளை இடப்பட்டதும் ஆட்டம் பெரிதும் தணிந்தது. குடையைக் காப்பாற்ற அதில் ஓட்டை போட வேண்டியிருந்தது என்பது சுவையான முரண்.

வட்டக்குடை பின்னிழு விசையை மட்டுமே நம்பியது. அதன்கீழ் இறங்கும் வீரர் ஏறத்தாழ விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் நிலத்தை அடைகிறார். வேகத்தின் வருக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் 1.8 மீட்டர் கிடைக்கும். அஃதாவது, ஆள் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்கு ஒப்பானது அவ்விறக்கம். கால்களைச் சேர்த்து வைத்து, உடலைப் பக்கவாட்டில் உருட்டி விழும் முறையை வீரர்கள் நாள்கணக்கில் பயில்வது இதனால்தான்.

1971 டிசம்பர் 11 அன்று, வங்கதேச விடுதலைப் போரின்போது, இந்தியப் படையின் இரண்டாம் வான்குடைப் படையணியினர் டாங்கைல் பகுதியில் இறங்கிப் பூங்லி பாலத்தைக் கைப்பற்றினர். அவர்களைத் தாங்கியவை வட்டக்குடைகளே. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில், தாழ்வான உயரத்தில், நெருங்கிக் குதிக்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் குடையைத் திசைதிருப்ப முனைந்தால் மோதல் நிகழும். எனவே, திசைதிருப்ப இயலாமை ஒரு குறையாக அன்றி, அச்சூழலில் ஒரு பாதுகாப்பாகவே அமைகிறது.

விளையாட்டாக வான்குதிப்பில் ஈடுபடுவோரின் தேவை வேறு. குறித்த புள்ளியில், நின்ற நிலையில், மென்மையாக இறங்க அவர்கள் விரும்பினர். அமெரிக்கரான டொமினா ஜால்பெர்ட் 1964இல் காப்புரிமை கோரிய வடிவம் அவ்விருப்பத்தை நிறைவேற்றியது. மேலும் கீழும் இரு துணிப்பரப்புகள். இடையே நெடுக்குத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள். முன்விளிம்பில் திறந்த வாய்கள். விரைந்து செல்லும்போது வாய்வழியே புகும் காற்று அறைகளை நிரப்ப, துணி விமானத்தின் இறக்கையைப் போல் விறைத்து நிற்கிறது. இங்குப் பின்னிழு விசையோடு மேல்தூக்கு விசையும் பிறக்கிறது. இறக்கைக்குடை வீழ்வதன்று, சறுக்கிப் பறப்பது. தரையை நெருங்கியதும் இரு தடுப்புக் கயிறுகளையும் ஒருசேரக் கீழிழுத்தால், இறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து, ஒரு கணம் தூக்கு விசை மிகுந்து, வேகம் ஏறத்தாழ அடங்கிவிடும். பயின்றவர் படியிலிருந்து இறங்குவதுபோல் கால் பதிப்பார்.

ஆயின், இறக்கைக்குடைகளிலும் பழையன, புதியன என்னும் பிரிவு உண்டு. பயன்படுத்தப்பட்ட குடை ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணும் இளைஞர் முதலில் துணியைக் கவனிக்க வேண்டும். முற்காலக் குடைகள் எஃப்-111 எனப்படும் நைலான் துணியால் ஆனவை. புதிதாக இருக்கையில் அதன் வழியே மிகச் சிறிதளவே காற்றுக் கசியும். சில நூறு குதிப்புகளுக்குப் பின் இழைகள் இளகிக் கசிவு மிகும். கண்ணுக்குத் துணி நன்றாகவே தோன்றும். ஆனால் கயிற்றை இழுக்கும் இறுதிக் கணத்தில் எதிர்பார்த்த தூக்கு விசை கிடைக்காது. 1980களின் பிற்பகுதியில் சிலிக்கோன் பூச்சுடைய, காற்றுக் கசியாத துணி வந்தது. அது நெடுநாள் உழைக்கும். வழுக்கும் இயல்புடையதாதலால் மடித்துப் பைக்குள் அடக்குவது மட்டும் புதியவர்க்குப் பெருஞ்சோதனை.

புதியது என்பதாலேயே குறையற்றது எனக் கருதலாகாது. முன்பு பயன்பட்ட டேக்ரான் கயிறு பருமனானது. சற்றே நீளும் இயல்பினால் குடை விரியும்போது எழும் அதிர்ச்சியைத் தானே ஏற்கும். இக்காலத்து ஸ்பெக்ட்ரா கயிறு மெல்லியது, வலியது. எனினும் உராய்வின் வெப்பத்தால் நாளடைவில் சுருங்கும். எல்லாக் கயிறுகளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. தடுப்புக் கயிறுகள் மிகுதியாகச் சுருங்கிவிட்டால், இழுக்காமலே பின்விளிம்பு தாழ்ந்து குடையின் பறப்பு கெடும். ஆகவே, தேர்ந்த பழுதுநோக்குநர் கயிறுகளை ஒவ்வொன்றாக அளந்து, தயாரிப்பாளர் வகுத்த அளவோடு ஒப்பிடுகிறார்.

குடையின் அகவையை ஆண்டுகளால் மட்டும் கணிப்பது போதாது. எத்தனை குதிப்புகள், எவ்வளவு வெயில், எத்தகைய சேமிப்பு என்பனவே முதன்மையானவை. புறஊதாக் கதிர் நைலானை நலிவுறச் செய்யும். அமிலம் அதனினும் கொடியது. 1980களில் செய்யப்பட்ட வட்ட வடிவ அவசரக் குடைகள் சிலவற்றில் இருந்த வலைத்துணியின் அமிலத்தன்மை, அதனைத் தொட்டுக்கொண்டிருந்த துணியை அரித்துவிட்டது. விரிக்கப்படாமல் பைக்குள்ளேயே இருந்த குடைகளும் இதற்குத் தப்பவில்லை. அவற்றைச் சோதிக்க வேதியியல் ஆய்வகத்தின் புரோமோகிரசால் பச்சை பயன்பட்டது. அமிலம் பட்ட இடத்தில் அது மஞ்சளாகும். பின்னர்த் துணியை இடுக்கிகளால் பற்றி, விற்றராசு கொண்டு குறித்த விசையில் இழுத்து வலிமை அறிந்தனர்.

எடைக்கும் பரப்பிற்கும் உள்ள உறவும் இங்குக் கருதத்தக்கது. கருவிகளோடு 90 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 25 சதுர மீட்டர்க் குடையில் இறங்கினால், ஒரு சதுர மீட்டர் 3.6 கிலோகிராமைச் சுமக்கிறது. அவரே 12 சதுர மீட்டர்க் குடையைத் தேர்ந்தால் அது 7.5 ஆகும். சுமை கூடக்கூடக் குடை விரைந்து பறக்கும்; திரும்புகையில் உயரத்தை மிக வேகமாக இழக்கும். நன்கு விரிந்த, பழுதற்ற சிறு குடையின்கீழ், தரையருகே தவறாகத் திரும்பி உயிரிழந்தோர் பலர். புதுக்குடையின் வேகத்தில் மயங்கும் தொடக்கநிலையாளருக்கு, கசிவற்ற துணியாலான பெரிய செவ்வகக் குடையே தக்கது.

வட்டக்குடை வழக்கொழிந்ததா எனின், இல்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ககன்யான் திட்டத்தில் வீரர்கள் அமரும் கலம் கடலில் இறங்க 10 வான்குடைகள் துணைபுரிகின்றன. ஆக்ராவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் அவற்றின் உருவாக்கத்தில் பங்கேற்றுள்ளது. முதன்மைக் குடைகள் மூன்றும் வட்ட வடிவின; அவற்றுள் இரண்டு விரிந்தாலே கலம் பாதுகாப்பாக இறங்கும். அக்குடைகளில் காற்று ஒரே துளைவழியன்றி, வளையங்களுக்கிடையே விடப்பட்ட பல இடைவெளிகள் வழியே வெளியேறுகிறது.