சிறப்புக் கல்வி படிக்க விருப்பமா? பட்டத்தோடு பதிவு எண்ணும் வேண்டும்!

காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. இவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது தனிக் கலை. அதைப் படித்துத் தேறிய ஆசிரியர்களுக்கு நாடெங்கும் தேவை இருக்கிறது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பி.யு.சி.யோ பட்டமோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பு இது. ஆனால், பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

2 வகை பி.எட்.

பெயர் ஒன்றானாலும் பி.எட். இரண்டு வகை. சாதாரண பி.எட். படிப்பு தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் பொறுப்பு. சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். இது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது.

பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். என்றாலும், இந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் சிறப்பு ஆசிரியராகத் தொழில் செய்யலாம். பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

கல்லூரிப் பலகையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடக் கூடாது. அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுகிறது.

என்ன படிப்பு?

பட்டதாரிகளுக்கு பி.எட். முன்பு ஓராண்டாக இருந்தது, 2015 முதல் 2 ஆண்டாயிற்று. பி.யு.சி. தேறியவர்களுக்கு 2 ஆண்டு டிப்ளமோ உண்டு. மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் காது கேளாதோர் பிரிவில் பி.எட். உண்டு. பட்டம் மைசூர் பல்கலைக்கழகத்துடையது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனமும் இத்துறையில் பயிற்சி தருகிறது.

புத்தகப் படிப்பு பாதி, பள்ளிப் பயிற்சி பாதி என்றே சொல்லலாம். ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்தில் சட்டைப் பொத்தான் போடத் தெரிய வேண்டும். இன்னொரு பிள்ளைக்குப் பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தெரிய வேண்டும். இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதி நடத்த வேண்டும்.

வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று வளரும் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது பெரும் உதவி. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்கு அது கைவந்த விஷயம்.

வேலை வாய்ப்பு

தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-ல் கணக்கு வகுத்தது. அதற்கேற்ப பணியிடங்களை அறிவித்து ஆசிரியர்களை நியமிக்கும்படி 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

அந்த இடங்களுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது பதிவு எண். ஆகவே, விண்ணப்பம் வாங்கும் முன்பே, அந்தக் கல்லூரியும், சேர விரும்பும் பிரிவும், சேரும் ஆண்டும் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை. இரண்டு ஆண்டு உழைப்பும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமும் அதில்தான் இருக்கிறது.