மார்கழிப் பனியும் ஒரு பானைச் சோறும்

திருமங்கலத்தில் குளிர்காலம் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! தை மாதத்து விடியற்காலையிலேகூட அங்கே வெப்பமானி 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் சித்திரை வெயிலில் வறுபட்ட கரிசல் பூமிக்கு அதுவே பெரிய குளிர். பெரியவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, "என்னா பனி, என்னா பனி!" என்று அங்கலாய்ப்பதைக் கேட்டால் இமயமலை அடிவாரத்துக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

இந்தப் பனி மாதங்களுக்காகவே வருஷம் பூராவும் காத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. மாதா கோவில், சர்ச் என்று நாம் பொதுவாகச் சொல்லும் தேவாலயங்களின் வாலிபர் சங்கத்தார்தான் அவர்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது. டிசம்பர் பிறந்தால் இரவில் வீடு வீடாகக் கீதப் பவனி. 31-ந் தேதி நள்ளிரவு ஆராதனை. ஜனவரியில் ஒரு நாள் உல்லாசப் பயணம். ஆயரும் கூட வருவார் என்றால் பெற்றோர்களும் தைரியமாகப் பெண் பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள்.

பவனியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னே நட்சத்திர விளக்கு, பின்னே கஞ்சிராவும் டோலக்கும். நடுவில், பருத்தித் தாடி அடிக்கடி நழுவும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. இப்போது பாட்டுப் பெட்டியை ஏற்றிக்கொள்ள ஒரு குட்டி யானை வண்டியும் சேர்ந்திருக்கிறது. பத்தாவது வீட்டில் பத்தாவது காப்பி! மறுக்கவும் கூடாது, குடிக்கவும் முடியாது. இதே மார்கழியில் தெருவின் மறுகோடியில் திருப்பாவை பஜனை கேட்கும். இரண்டு கோஷ்டியும் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போவதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருப்பதில்லை.

உல்லாசப் பயணம் என்பது நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஊருக்கு அது பழைய வழக்கம். 1834-ஆம் வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழ் வாலிபர்களும் வந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு இந்த மிஷனில் குளிர் மாதங்கள் வந்தால் கூடார யாத்திரை கிளம்புவது வழக்கமாயிற்று. மாட்டு வண்டியில் கூடாரம், சமையல் பாத்திரம், மருந்துப் பெட்டி, விற்பனைக்குச் சிறு புத்தகங்கள். ஏதாவது ஒரு தோப்பில் முளை அடித்துக் கூடாரம் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்தே போவார்கள். மிஷனரியும், உபதேசியாரும், மாணவர்களும் சேர்ந்து போன யாத்திரை அது. பகலில் பிரசங்கம், ராத்திரி நிலா வெளிச்சத்தில் பாட்டு. வேலைதான், ஆனால் பதினெட்டு வயசுப் பையனுக்கு அதில் பாதியாவது உல்லாசமாய்த்தானே இருந்திருக்கும்?

மாணவர்கள் என்றேனே, அவர்கள் எங்கே இருந்து வந்தார்கள்? திருமங்கலத்தில் இருந்துதான்! 1842-இல் ட்ரேசி என்ற மிஷனரி இந்த ஊரில் ஒரு விடுதிப் பள்ளியை ஆரம்பித்தார். 1845-இல் அது பசுமலைக்கு மாறிப் போயிற்று. அங்கே வளர்ந்து, 1881-இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கி, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்தில் மதுரை நகரத்துக்குள் வந்ததுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. பிள்ளையைப் பெற்ற ஊர் ஒன்று, பேர் வாங்கிய ஊர் இன்னொன்று!

அந்தப் பள்ளி பசுமலைக்குப் போன இரண்டாம் வருஷம் ஒரு புயல் அடித்தது. புயலுக்குக் காரணம் சாப்பாடு.

1847-இல் மிஷன் ஒரு தீர்மானம் போட்டது. சபையில் ஊழியம் செய்கிறவர்கள் சாதியை விட்டுவிட்டோம் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்றார்கள். பைபிளை ஒப்பித்தவர்கள், பிரசங்கத்தில் ஜனங்களைக் கண்ணீர் விட வைத்தவர்கள், அந்த இலைக்கு முன்னால் உட்கார முடியாமல் எழுந்து போனார்கள். உபதேசியார்கள் பலருக்கு வேலை போயிற்று. மாணவர்கள் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு நடந்தார்கள். இன்று நமக்கு அவர்களைக் கேலி செய்வது சுலபம். அந்தப் பையனின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தால் வீட்டு வாசல் சாத்தப்படும். தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அப்பா செத்தால் கொள்ளிபோடவும் கூப்பிடமாட்டார்கள். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு துரைமார்கள் இப்படிப் பரீட்சை வைத்தது நியாயம்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் எழுந்து போகாமல் சாப்பிட்டவர்களும் இருந்தார்களே! என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் மகா கவி. 1774-இல் பிறந்தவர். சாதி வழக்கங்களை விடச் சொல்லும் மிஷனரிகளை எதிர்த்து 1829-இல் காரசாரமாக எழுதியவர். அப்படிப்பட்டவருடைய கீர்த்தனைகளைத்தான் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தேடித் தேடிச் சேர்த்து 1853-இல் பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். பந்தியில் ஒத்துப்போகாதவர்கள் பாட்டில் ஒத்துப்போனார்கள்! சாஸ்திரியாரின் கீர்த்தனை இல்லாத தமிழ் கிறிஸ்துமஸ் இன்றைக்கும் ஏது?

வாலிபர்களுக்கென்று தனிச் சங்கம் வந்தது பிற்பாடு. 1881 பிப்ரவரி 2-ந் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற பாதிரியார் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணில் முதலில் அது கால் வைத்தது யாழ்ப்பாணத்தில். பிறகு மதுரைச் சீமையிலும் வேர்விட்டது. நம் தாத்தாக்கள் "எண்டெவர்" என்றே சொல்வார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஏதாவது பேசியே தீரவேண்டும். குறைந்தபட்சம் ஒரு வசனமாவது சொல்லவேண்டும். கூச்சக்காரப் பையன் என்ன செய்வான்? கவலையில்லை, யோவான் சுவிசேஷத்தில் மூன்றே சொற்களில் ஒரு வசனம் இருக்கிறது! இந்தச் சங்கங்களில் பெண்களும் கமிட்டிகளில் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். மதுரையில் 1892-இல் ஈவா ஸ்விப்ட் அம்மையார் பெண்களுக்கென்றே வேதப் பள்ளி திறந்தபோது, கிராமங்களுக்கு யாத்திரை போகும் வேலையும் பெண்களைத் தேடி வந்தது.

சரி, இன்றைய பயணத்துக்கு வருவோம். திருமங்கலத்திலிருந்து எங்கே போகலாம்? கையில் காசு இருந்தால் கொடைக்கானல். 1845-இல் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிப் பிழைக்க இதே மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிய ஊர் அது. குளிரைத் தேடிக் குளிர்காலத்தில் ஏன் போகவேண்டும் என்பவர்களுக்கு 1959-இல் திறந்த வைகை அணை. சரித்திரப் பிரியர்களுக்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலை. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம்.

எங்கே போனாலும் பன்னிரண்டு மணிக்கு ஒரு கேள்வி எழும்: கட்டுச்சோறா, கூட்டாஞ்சோறா? கட்டுச்சோறு என்றால் அவரவர் டப்பா, அவரவர் கூட்டாளி, அவரவர் மரநிழல். புளியோதரை ஒரு பக்கம், பிரியாணி ஒரு பக்கம் என்று கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். விஷயம் தெரிந்த தலைவர் அதற்கு இடங்கொடுக்கமாட்டார். அரிசியையும் பருப்பையும் ஒரு சாக்கில் கட்டி, ஒரே அண்டாவை பஸ் கூரையில் ஏற்றிவிடுவார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் "அசனம்" என்று ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்களே, அதன் குட்டிப் பதிப்பு. யார் வெங்காயம் உரிப்பது, யார் அண்டா கழுவுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். டாக்டர் மகனுக்கு அண்டா விழுந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் கொண்டாட்டம்!

1847-இல் எழுந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும், உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இப்போது அடுத்தடுத்த இலையில் இருக்கலாம். யார் எவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும் கேட்கிறார்கள். கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், முதல் வரியிலேயே சாதி நிற்கும். பந்தியை ஜெயித்த சபை பந்தலில் தோற்றுக்கொண்டிருக்கிறது. இதை வாலிபர் கூட்டத்தில் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்டுவிட்டால் ஆயருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இப்போதெல்லாம் கேட்கிறார்கள். பயணம் போய்த் திரும்பும் பஸ்ஸில், பாட்டெல்லாம் ஓய்ந்து, குழந்தைகள் தூங்கிப்போன பிறகு பின் ஸீட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இதுதான். திருமங்கலம் பஸ் நிலையம் வருவதற்குள் முடிகிற விவாதமாக அது இல்லை.