எரிமலைக்கும் தண்ணி வேணும் ஸார்!

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் 300 அடி போர் போட்டார்கள். வந்தது காத்துதான். ஆனால் 100 கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது ஸார், அந்தமானுக்குக் கீழே!

அங்கே பாரன் தீவு என்று ஒரு எரிமலை. 150 வருஷத்துக்கு மேல் தூங்கி, 1991-ல் விழித்துக்கொண்டது.

எழுப்பியது யார்? நீங்களும் நானும் நிற்கிற இந்தியத் தட்டுதான். கடலடியில் நீர் ஊறிய பாறையோடு அது அந்தமானுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. போகிற போக்கில் மேலே இருக்கும் பாறையையும் கூடவே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து சூடான பாறை நகர்ந்து வருகிறது, நகம் வளர்கிற வேகத்தில்! பயங்கரச் சூடுதான், ஆனாலும் அழுத்தம் அதை உருக விடாது.

அங்கேதான் தட்டு தன் தண்ணீரைக் கக்குகிறது. வாணலியில் வெறும் வெல்லத்தைப் போட்டால் கருகும். கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், அதே தீயில் பாகு! பாறையும் அப்படித்தான். உருகியது மேலேறினால் எரிமலை.

பி.காம். படித்த எனக்கு இதில் என்ன அக்கறை? இதே தட்டு ஆழம் குறைந்த இடத்தில் சிக்கி நின்று, 2004 டிசம்பர் 26-ல் நழுவியபோதுதான் மெரினாவுக்குச் சுனாமி வந்தது. அந்தமான் தூரம்தான். தட்டு நம்முடையது.