அன்ரிமாரின் அனுபவத்துக்கு என்ன விலை?

எந்த வேலையிலும் அனுபவம் கூடக் கூடச் சம்பளமும் கூடும். பிள்ளை பார்க்கிற வேலையில் மட்டும் வயது கூடக் கூடச் சம்பளம் குறைகிறது. எனக்கு 61 வயது. ஸ்காபரோவில் 17 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஒரு வயதில் என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலர் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள்.

அண்மையில் மார்க்கத்தில் ஒரு குடும்பம் கூப்பிட்டது. இரண்டு பிள்ளைகள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை அவர்களுடைய வீட்டில் நிற்க வேண்டும். சமையலும் கொஞ்சம். வாரம் 400 டொலர், கையில் காசு. "அன்ரி, நீங்கள் வீட்டில சும்மாதானே இருக்கிறியள், பிள்ளையளோட பொழுதும் போகும்" என்றார் அந்தத் தங்கச்சி. நான் மாட்டேன் என்றேன். அடுத்த கிழமை என்னைவிட வயதான ஒரு அக்கா அந்த வேலைக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மகன் வீட்டில் இருக்கிறவருக்குக் கைச்செலவுக்கு வேறு வழியில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வாரம் 45 மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கவும் முடியாது, பிள்ளை நித்திரை கொள்ளும்போதுதான் எங்களுக்குச் சாப்பாடு. 400 டொலர் என்றால் மணிக்கு 9 டொலர்கூட இல்லை. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்த வேலைக்கு 800 டொலர் வரவேண்டும். அதற்குமேல் விடுமுறைச் சம்பளம் 4 சதவீதம்.

"வீட்டு வேலைக்கு இதெல்லாம் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போய் வேலை செய்தால் நாங்கள் தொழிலாளர்கள், சட்டம் எங்களுக்கும் உண்டு. எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது சுயதொழில், விலையை நாங்களே சொல்லலாம். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஐவரில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கவும் கூடாது.

கையில் வாங்கும் காசால் வருகிற பெரிய நட்டம் பிறகுதான் தெரியும். எங்களில் பலர் நாற்பது வயதுக்குப் பிறகு கனடா வந்தவர்கள். முழு முதியோர் ஓய்வூதியத்துக்கு 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அது எங்களுக்குச் சரிவராது. ஆகவே சி.பி.பி. முக்கியம். கணக்கில் வராத சம்பளத்துக்கு அதில் ஒரு சதமும் சேராது. வேலை போனால் வேலையில்லாக் காப்புறுதியும் இல்லை.

"கணக்குக் காட்டினால் அரசாங்கக் காசை வெட்டிப்போடுவாங்கள்" என்ற பயம் 65 தாண்டியவர்களிடம் இருக்கிறது. வருமானம் குறைந்த முதியோருக்குக் கிடைக்கும் ஜி.ஐ.எஸ். கொடுப்பனவைக் கணக்கிடும்போது, உழைத்த காசில் வருடத்துக்கு முதல் 5,000 டொலரைச் சேர்க்கமாட்டார்கள். அடுத்த 10,000 டொலரில் பாதியைத்தான் சேர்ப்பார்கள். பகுதிநேரமாகப் பிள்ளை பார்க்கிற ஒரு அம்மாவுக்கு இது பெரிய சலுகை.

இளம் பெற்றோரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது. அரசு உதவி பெறும் டே கேர்களில் ஒரு நாள் கட்டணம் 22 டொலருக்கு மேல் போகாது என்பதால் எங்களைக் கேட்கிறவர்களும் குறையலாம். ஆனால் கைக்குழந்தைக்கு அங்கே இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். விடிய 6 மணிக்கு வேலை தொடங்குகிற நேர்ஸுக்கும், இரவு ஷிஃப்ட் செய்கிறவருக்கும் டே கேர் திறந்திருக்காது. எங்கட வேலை அங்கேதான் இருக்கிறது. பற்றுச்சீட்டோடு காசு தந்தால் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு வருடம் 8,000 டொலர் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதற்கு எங்களுடைய சின் இலக்கம் வேண்டும். கையில் கொடுக்கும் காசுக்கு அந்தச் சலுகை இல்லை.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலுதவிச் சான்றிதழ் எடுங்கோ, பொலிஸ் சான்றும் எடுங்கோ, பார்த்த பிள்ளைகளின் பெற்றோரிடம் கடிதம் வாங்கி வையுங்கோ. நேரம், சம்பளம், லீவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. "அன்ரி எங்கட அம்மா மாதிரி" என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். சந்தோஷம். அதோடு, வேலை செய்கிற ஒருவருக்குச் சட்டம் சொல்கிற சம்பளத்தையும் தாங்கோ.